பொதுவிதியும் புறனடையும்: மென்பொருட் பொதிகளின் இயல்பமைப்புப் பற்றிய ஒரு திறனாய்வு

1

தமிழிலக்கண மரபு விதிகளைப் பொதுவிதி, சிறப்புவிதி என இருவகையாக வைத்து நோக்கும். பொதுவிதி எங்கும் செல்வது. சிறப்புவிதி வருமிடத்து அது விலகி வழிவிடுவது. இவ்விரண்டினுள்ளும் அடங்காதன எஞ்சும் என்பதை உணர்ந்த இலக்கண ஆசிரியர்கள், சொல்லாதொழிந்தவற்றையும் தழுவிக்கொள்ளுமாறு புறனடைச் சூத்திரங்களையும் யாத்தனர். தொல்காப்பியத்திலும் நன்னூலிலும் இவ்வேற்பாட்டைக் காணலாம். விதியை வகுத்தவனே தன் விதியின் எல்லையையும் ஒப்புக்கொள்ளும் அறிவுநேர்மை இதன்கண் உண்டு.

கணினி மென்பொருளின் உலகிலும் இதனையொத்த அமைப்பொன்று நிலவுகின்றது. பயன்படுத்துவோர் எதனையும் தெரிவு செய்யாதபோது மென்பொருள் தானாகவே கொள்ளும் நிலை இயல்பமைப்பு எனப்படும். இது பொதுவிதி போல்வது. அவ்வியல்பமைப்பை விலக்கித் தம் தேவைக்கேற்ற வேறொன்றை நிறுவுதல் சிறப்புவிதி போல்வது. ஆயின் இங்குப் புறனடை எங்கே உளது, அதனை எழுதும் உரிமை யாரிடத்து உளது என்பன இதுவரை தமிழ்த் திறனாய்வாளர் போதிய கவனஞ் செலுத்தாத வினாக்களாம். இன்று தமிழின் பெரும்பகுதி எழுதப்படுவதும் சேமிக்கப்படுவதும் தேடப்படுவதும் இக்கருவிகள் வாயிலாகவே என்பதை மனங்கொண்டால், இவ்வினாக்களைத் தொழில்நுட்பத்துறையினர்க்கு மட்டும் உரியன என ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. பதிப்பு வரலாற்றில் ஏட்டையும் எழுத்தாணியையும் அச்செழுத்தையும் ஆராய்ந்த அறிவுத்துறை, அவற்றின் இடத்தைப் பெற்றுவிட்ட மென்பொருளையும் ஆராய்தல் முறையேயாம்.

2

மென்பொருட் பொதி ஒன்று எவ்வாறு உருவாகின்றது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். நிரலாளர் எழுதும் மூலநிரல் ஒரு மூலபாடத்தை ஒத்தது. அது அப்படியே இயங்குவதில்லை. கணினி நிறைவேற்றத்தக்க வடிவுக்கு அதனைக் கட்டியெழுப்புதல் வேண்டும். அவ்வாறு கட்டும் வேளையிற் பல தெரிவுகள் செய்யப்படுகின்றன. எந்த உறுப்புக்கள் சேர்க்கப்படும், எவை விடப்படும், எம்மொழிகளின் மொழிபெயர்ப்புக்கள் இடம்பெறும், கோப்புக்கள் எங்கு வைக்கப்படும் என்பனவெல்லாம் அப்போதே முடிவாகின்றன. யாரும் வேறு சொல்லாவிடின் இயல்பமைப்பே ஆட்சி செய்யும்.

கட்டற்ற அலுவலக மென்பொருளான லிப்ரே ஒஃபிஸ் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. அதன் மூலநிரலை எவ்விதக் கட்டளையும் தராது கட்டினால் அமெரிக்க ஆங்கில இடைமுகம் மாத்திரமே உருவாகும். தமிழும் சிங்களமும் வேண்டுமாயின், எம்மொழிகள் சேர்க்கப்படல் வேண்டும் என்பதைக் கட்டுவதற்கு முன்னரே எழுதிக் கொடுத்தல் வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பு மூலநிரற் களஞ்சியத்துள் இருக்கவே இருக்கின்றது. ஆனால் அழைத்தாலன்றி அது வாராது. கெட்டெக்ஸ்ட் என்னும் மொழிபெயர்ப்பு அமைப்பைக் கையாளும் பொதிகளில் நிலைமை சற்று வேறானது. அங்கு மொழிப்பட்டியல் எதனையும் குறிப்பிடாவிடின் உள்ள மொழிகள் யாவும் நிறுவப்படும். லிங்குவாஸ் என்னும் மாறியிற் சில மொழிகளை மட்டும் குறித்தால் ஏனையவை விலக்கப்படும். முன்னதில் தமிழ் விருந்தினர், பின்னதில் வீட்டவர். இரண்டும் பொறியியல் நோக்கில் ஏற்கத்தக்க முடிவுகளே. எனினும் பயன்படுத்துவோர் முன் அவை வைக்கும் உலகங்கள் வெவ்வேறானவை.

இயல்பமைப்பை விலக்கும் வழிகளும் ஒரே தரத்தனவல்ல. நிறுவப்பட்ட பின் ஒரு விருப்பத்தை மாற்றுதல் முதற்படி. மூலநிரலைத் தொடாது கட்டுந்தெரிவுகளை மாற்றிப் பொதியை மீளக் கட்டுதல் இரண்டாம் படி. மூலநிரலையே திருத்துதல் மூன்றாம் படி. முதலாவது வாசகனின் உரிமை; இரண்டாவது பதிப்பாசிரியனின் பணி; மூன்றாவது பாடத்தையே மாற்றும் துணிவு. படி உயருந்தோறும் அதிகாரமும் பொறுப்பும் ஒருங்கே உயருகின்றன.

கட்டுமானத் திட்டத்தின் பொதுவிதியை மாற்றுதல் கணினியோடு பிறந்த செயலன்று. திருகோணமலையின் பெயரைத் தாங்கிய பிரித்தானியப் போர்க்கப்பலொன்றே இதற்குச் சான்றாகும். லீடா வகுப்பைச் சேர்ந்த அக்கப்பலின் வரைபடம், 1782 இற் கைப்பற்றப்பட்ட ஹெபே என்னும் பிரெஞ்சுக் கப்பலின் அமைப்பை மூலமாகக் கொண்டது. அத்தகைய கப்பலுக்கு இங்கிலாந்தில் வழமையான மரம் ஓக். நெப்போலியப் போர்களால் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டமையால், பம்பாயில் வாடியா குடும்பத்தாரின் கப்பற்றளத்தில் அது தேக்கினாற் கட்டப்பட்டு 1817 ஒக்டோபர் 12 இல் நீரில் இறக்கப்பட்டது. முதலில் அனுப்பப்பட்ட வரைபடங்கள், அவற்றைக் கொண்டுசென்ற ஜாவா என்னும் கப்பல் 1812 இல் அமெரிக்கரிடம் வீழ்ந்தபோது இழக்கப்பட்டமையால், மீண்டும் வரைபடங்கள் அனுப்பப்பட்டன. வரைபடம் மாறவில்லை, கட்டும் பொருள் மாறிற்று. அத்தேக்குடல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் நீரில் மிதக்கின்றது. இடத்துக்கேற்ற மாற்றம் மூலத்தைக் கெடுக்கும் என அஞ்சுவோர்க்கு இக்கப்பல் தக்க விடையாகும்.

3

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் வாழும் தமிழ் மாணவர் ஒருவர் புதிய கணினியொன்றைத் திறக்கும்போது அவரை இயல்பமைப்பு எவ்வாறு இனங்காண்கின்றது என்பதே இத்திறனாய்வின் மைய வினா. உலகின் மொழி, நாட்டு வழக்குகளைத் தொகுத்துப் பெரும்பாலான இயக்குதளங்களுக்கு வழங்கும் யூனிகோட் வட்டாரத் தரவுக் களஞ்சியத்தில் ஓர் அட்டவணை உண்டு. மொழி மட்டும் தெரிந்து நாடு தெரியாதபோது எந்நாட்டைக் கொள்வது, நாடு மட்டும் தெரிந்து மொழி தெரியாதபோது எம்மொழியைக் கொள்வது என்பதை அது கூறும். அதன்படி தமிழ் எனின் நாடு இந்தியா. இலங்கை எனின் மொழி சிங்களம்.

பேசுவோர் தொகையை நோக்கின் இவ்விரு முடிவுகளும் தனித்தனியே குறைகூற இயலாதன. உலகத் தமிழருட் பெரும்பாலோர் இந்தியாவில் வாழ்கின்றனர். இலங்கையிற் பெரும்பாலோர் சிங்களம் பேசுகின்றனர். ஆயின் இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கும்போது இலங்கைத் தமிழர் மொழியின் வாயிலாக நுழைந்தாலும் விதிவிலக்காகின்றார். நாட்டின் வாயிலாக நுழைந்தாலும் விதிவிலக்காகின்றார். இரு பொதுவிதிகளின் இடைவெளியில் அவர் நிற்கின்றார். லினக்ஸ் இயக்குதளங்கள் பயன்படுத்தும் விசைப்பலகைத் தரவிலும் இதே நிலை காணப்படுகின்றது. இலங்கை என்னும் தலைப்பின் கீழ் முதலில் வருவது சிங்கள ஒலிப்பு விசைப்பலகை. தமிழ் அதன் மாற்றுவடிவங்களுள் ஒன்றாக இடம்பெறும். இலங்கையின் தமிழ்த் தகவற்பரிமாற்ற நியமமான எஸ்.எல்.எஸ். 1326 வெளியிடப்பட்டது 2008 இலேயாம்.

இந்நிலையைக் கணினி உருவாக்கிற்று எனக் கருதுதல் வரலாற்றுப் பார்வையற்ற முடிவாகும். செந்தமிழ் நிலத்தை நடுவே வைத்து, அதனைச் சூழ்ந்த பன்னிரு நிலங்களின் சொற்களைத் திசைச்சொல் என வகுத்த மரபு தமிழருடையது. திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895 இல் வெளியிட்ட மோகனாங்கி, தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப் போற்றப்படுவது. அது சென்னையில் வெளிவந்தது. அதன் கதைக்களம் நாயக்கராட்சிக் காலத் தமிழகம். ஈழத்துப் படைப்பாளி ஒருவர் வரலாற்றுப் புனைவென்னும் புதுத்துறையிற் கால்வைத்தபோது, அச்சகமும் வாசகரும் வரலாற்றுக் களமும் அக்கரையிலேயே அமைந்தன. இதனை அவர்தம் குறையாகக் காணல் ஆகாது. அக்காலத் தமிழ் நூலுலகின் இயல்பமைப்பு அது. இன்றைய தரவு அட்டவணை அப்பழைய ஒழுங்கையே இயந்திர வேகத்தில் மீளச் செய்கின்றது.

இதன் விளைவுகள் நுண்ணியவை. தமிழ் என்னும் பொதுக்கிளையில் மாதப்பெயர் அக்டோபர் என்றிருக்கும். இலங்கைப் பத்திரிகைகளும் பாடநூல்களும் ஒக்டோபர் என்றெழுதும். மருத்துவமனை எனப் பொதுக்கிளை கூறுவதை இந்நாட்டு வழக்கு வைத்தியசாலை எனக் கூறும். இலங்கைத் தமிழுக்கெனத் தனிக்கிளை ஒன்று களஞ்சியத்தில் உண்டு; நேரத்தை இருபத்துநான்கு மணிக் கணக்கில் எழுதுதல் போன்ற வேறுபாடுகளை அது பதிவுசெய்கின்றது. அங்குக் கூறப்படாத யாவும் பொதுக்கிளையிலிருந்தே வந்து நிரம்பும். மௌனம் இங்குச் சம்மதமாகக் கொள்ளப்படுகின்றது. ஒக்டோபர் என எழுதிப் பழகிய மாணவர் காலப்போக்கில் தம் எழுத்தே பிழையெனக் கருதத் தொடங்குவராயின், இயல்பமைப்பு தன் அதிகாரத்தை எவ்வித ஆணையுமின்றி நிலைநாட்டிவிட்டது எனலாம்.

4

மாதப்பெயரின் எழுத்துக்கூட்டலோடு இச்செய்தி முடியுமாயின் அதனைச் சிறு மனக்குறையாக விட்டுவிடலாம். உயிரோடும் உறவோடும் தொடர்புடைய இடத்தில் இயல்பமைப்பின் கனம் புலப்படும். 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் 30,000 பேருக்கு மேற்பட்டோரைக் காவுகொண்டது. திருகோணமலை மாவட்டத்தின் மூதூர், கிண்ணியா, நிலாவெளி முதலிய கரையோரப் பகுதிகளும் அழிவுக்குள்ளாயின. அவ்வேளை இலங்கை மென்பொருளாளர்கள் தொண்டர்களாகத் திரண்டு, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவுசெய்வதற்கான கட்டற்ற மென்பொருளொன்றை உருவாக்கினர். சிங்களத்தில் நிவாரணம் எனப் பொருள்படும் சகானா என்னும் பெயர் அதற்கு இடப்பட்டது. அவசரத்தில் எழுதப்பட்ட முதல் வடிவம் பின்னர் பிறநாடுகளுக்கும் பொருந்துமாறு மீள எழுதப்பட்டு, 2005 இற் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2006 இற் பிலிப்பைன்சிலும் இந்தோனேசியாவிலும் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006 ஆம் ஆண்டுக்கான சமூகநல விருதை இதற்கு வழங்கிற்று.

காணாமற்போனோர் பதிவேட்டின் உயிர்நாடி பெயர். மேலைநாட்டு மென்பொருள் வழக்கில் ஒருவர் பெயர் முதற்பெயர், குடும்பப்பெயர் என இருகூறாக அமையும். இலங்கைத் தமிழர் பெயரில் தந்தையின் பெயர் முன்வரும், அல்லது முதலெழுத்தாகச் சுருங்கும். குடும்பப்பெயர் என்பது பெரும்பாலும் இல்லை. குடும்பப்பெயரைக் கட்டாயமாகக் கோரும் படிவத்தின் முன் பதிவாளர் ஒருவர் தந்தை பெயரை இடுவார். மற்றொருவர் ஒரு புள்ளியை இடுவார். பிறிதொருவர் அப்பெயரையே இருமுறை எழுதுவார். ஒரே பிள்ளை மூன்று பதிவுகளாகப் பிரிந்துபோகும். சகானாவின் பிந்திய வடிவமான ஈடனின் அமைப்புக் கோப்பில், குடும்பப்பெயரைக் கட்டாயமாக்குவதா இல்லையா என்பதற்கெனத் தனியே ஒரு வரி உண்டு. பதிவேட்டை நிறுவுவோர் அதனை மாற்றிக்கொள்ளலாம். புறனடைச் சூத்திரத்தின் இன்றைய வடிவமாக இவ்வொரு வரியைக் கொள்வது மிகையாகாது.

பெயர்த்தேடலிலும் இப்பிரச்சினை தலையெடுக்கின்றது. ஒலியொத்த பெயர்களை இணைப்பதற்கெனப் பல தரவுத்தளங்களில் முன்கூட்டியே அமைந்திருப்பது சவுண்டெக்ஸ் முறை. அதற்கு அமெரிக்காவில் 1918 இற் காப்புரிமை வழங்கப்பட்டது. பெயரின் முதல் ஆங்கில எழுத்தை அப்படியே வைத்து, எஞ்சிய மெய்களை எண்களாக்குவது அதன் வழி. இலங்கையில் சண்முகம் என்னும் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவோர் சிலர் எஸ் எழுத்தாலும் சிலர் சி எழுத்தாலும் தொடங்குவர். இரண்டுக்கும் எண் 525 ஆகவே வரும். முதலெழுத்து வேறாதலின் பொறி அவற்றை வேறு மனிதராகக் கொள்ளும். திருகோணமலை என்னும் ஊர்ப்பெயரே இதற்குத் தப்பவில்லை. தமிழொலியைத் தழுவி ஆங்கிலத்தில் எழுதினால் 625; குடியேற்றக் காலத்து ஆங்கில வடிவாகிய டிரிங்கோமலியை எழுதினால் 652. ஒரே ஊர் இரண்டாகின்றது. தமிழெழுத்திலேயே பெயரைப் பதிந்தாலோ, ஆங்கில எழுத்துக்களையே கருதும் அம்முறை அதனிடத்து எதனையும் காணாது.

5

இயல்பமைப்பை மாற்றிக்கொள்ளும் உரிமை இருத்தலாற் குறையொன்றுமில்லை என்பர் ஒரு சாரார். கட்டற்ற மென்பொருளில் மூலநிரல் திறந்தே கிடக்கின்றது; வேண்டியவர் வேண்டியவாறு கட்டிக்கொள்ளலாம் என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தில் உண்மையுண்டு, முழுமை இல்லை. மூடிய மென்பொருளிற் கிடைக்காத உரிமை இங்குக் கிடைக்கின்றது என்பது உண்மை. ஆயின் பொதியை மீளக் கட்டும் பயிற்சி பிரதேச செயலக எழுதுவினைஞரிடத்தோ முகாமிற் பதிவேட்டுடன் அமர்ந்த ஆசிரியரிடத்தோ எதிர்பார்க்கத்தக்கதன்று. மேலும், தனியே மாற்றிக் கட்டப்பட்ட பொதி தன் மூலத்திலிருந்து பிரிந்துபோகின்றது. மூலத்திற் பாதுகாப்புக் குறைபாடொன்று திருத்தப்படும்போது அத்திருத்தம் அதனைத் தானாக வந்தடையாது. ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் மீளக் கட்டுதல் வேண்டும். கட்டியவர் இடமாற்றம் பெற்றுச் சென்றபின் அவ்வலுவலகத்தில் எஞ்சுவது யாரும் தொட அஞ்சும் ஒரு பழைய பொதியே. உரிமை உண்டு, அதனைத் தாங்கும் ஆள்பலமும் நிறுவனமும் இல்லையெனின் அவ்வுரிமை ஏட்டளவில் நிற்கும்.

நிக்ஸ் போன்ற பொதி முகாமை அமைப்புக்கள் இச்சிக்கலை ஓரளவு தணிக்கின்றன. அங்கு மூலப் பொதியின் வரையறை தொடப்படாது நிற்கும். உள்ளூர் மாற்றங்கள் தனியே எழுதப்பட்டு அதன்மேற் பொருத்தப்படும். மூலம் புதுப்பிக்கப்படும்போது அம்மாற்றங்களை அதன்மீது மீண்டும் பொருத்திக் கட்டலாம். மூலபாடத்தை மேலே வைத்துப் பாடபேதங்களை அடியிற் குறித்த பதிப்பாசிரியர் நெறியோடு இது ஒத்தது. எது மூலம், எது திருத்தம் என்பது எவர்க்கும் வெளிப்படை. மறைவாகத் திருத்தப்பட்ட பாடத்தினும் குறிப்போடு திருத்தப்பட்ட பாடம் நம்பகமானது என்பதைத் தமிழ்ப் பதிப்புலகம் பட்டறிந்தே கற்றது. மென்பொருளுலகும் அதனையே கற்றுவருகின்றது.

மற்றொரு சாரார் இயல்பமைப்பையே தமக்குரியதாக மாற்றிவிடல் வேண்டும் என்பர். இலங்கையிற் கணினி திறந்தவுடன் தமிழே தோன்றுமாறு செய்தல் அவர்தம் விருப்பு. தமிழ் 1987 இல் 13 ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின் வழி அரசகரும மொழியானது என்பதை நோக்க, இக்கோரிக்கையின் நியாயம் விளங்கும். எனினும் திருகோணமலை மாவட்டமே இதற்கு எல்லை வகுக்கின்றது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி அங்கு முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் ஆகிய மூன்று சமூகங்களுள் எதுவும் மக்கட்டொகையிற் பாதியை எட்டவில்லை. முஸ்லிம்களும் தமிழரும் தமிழ்மொழியாற் பெரும்பான்மையர். ஆயினும் கந்தளாயில் வாழும் சிங்கள விவசாயியைத் தம் படிவத்திற் புறனடையாக்குதல், தமக்கு இழைக்கப்பட்டதைப் பிறர்க்கு இழைத்தலாகவே முடியும். முஸ்லிம் பெயர்மரபு தமிழர் பெயர்மரபினும் வேறானது என்பதும் மறக்கற்பாலதன்று. பெரும்பான்மையே பொதுவிதி என்னும் கொள்கை, பெரும்பான்மை என ஒன்று இல்லாத மாவட்டத்திற் பொருளிழந்துபோகின்றது.

ஆகவே இத்தகைய இடத்துக்கு வேண்டுவது ஊகிக்கும் பொதியன்று, வினவும் பொதியாம். நிறுவும்போதே மொழியையும் நாட்டையும் தனித்தனியே கேட்டறிதல், குடும்பப்பெயரைக் கட்டாயமாக்காதிருத்தல், மூன்று மொழிகளையும் கட்டும்போதே சேர்த்துவைத்தல், பெயரைத் தமிழ், சிங்கள, ஆங்கில எழுத்துக்களில் அருகருகே பதிய இடந்தருதல் என்பன அரிய கண்டுபிடிப்புக்கள் அல்ல, முன்யோசனையாற் கைகூடுவன. ஊகித்தே ஆகவேண்டிய இடங்களில், ஊகம் எதுவென்பதைக் கண்முன் காட்டி, எளிய ஒரு செயலால் அதனை மாற்ற வழிவைத்தல் வேண்டும். காட்டப்படாத இயல்பமைப்பு விவாதத்துக்கு உட்படாது.

தமிழ்த்துறையினர்க்கும் இதில் நேரடியான பணியுண்டு. கெட்டெக்ஸ்ட் அமைப்பு இலங்கைத் தமிழுக்குரிய கோப்பை முதலிலும், அங்கு இல்லாதவற்றைப் பொதுத்தமிழ்க் கோப்பிலும், அதன்பின்னரே ஆங்கில மூலத்திலும் தேடும். எனவே முழு மென்பொருளையும் மீள மொழிபெயர்க்கத் தேவையில்லை. வழக்கு வேறுபடும் சொற்களை மட்டும் கொண்ட சிறு கோப்பொன்று போதும். எச்சொற்கள் வேறுபடுகின்றன, அவற்றுள் எவை பேச்சளவின, எவை எழுத்து வழக்கில் உறுதிபெற்றன என்பதைத் தீர்மானித்தல் நிரலாளரால் ஆவதன்று. மொழியியலும் இலக்கியமும் பயின்றோராலேயே ஆவது. அத்தொகுப்பைத் தனியொரு கணினியில் வைத்திராது மூலத்திட்டத்துக்கே அனுப்பிச் சேர்ப்பித்தால், அடுத்த பதிப்பை நிறுவும் எவர்க்கும் அது எவ்வித முயற்சியுமின்றிக் கிடைக்கும். பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் இதற்கு வேண்டிய அறிவு உளது. மாணவரின் ஒரு பருவ ஒப்படையாகவே அச்சொற்றொகுப்பைத் தொடங்கிவிடலாம்.